ட்ரைகிளிசரைட் கூடினால் முதலில் பார்க்கவேண்டியது சோற்றுக் கோப்பையை

இரத்த ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைட், அதாவது இரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, என்ற வரிக்கு நேரே 280 என்று தடித்த எழுத்தில் விழுந்தவுடன் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது முட்டை. அடுத்தது இறால். பிறகு தேங்காய்ச் சம்பல். சோறு மட்டும் இருந்தபடியே இருக்கும். காலையும் பின்னேரமும் மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணியும் இருக்கும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப இரத்தம் கொடுத்தால் எண் அசைந்திருக்காது. "நான் எண்ணெய்ச் சாமானே தொடுறதில்லை, பிறகெப்படி?" என்ற கேள்வியை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த லாப் வாசலில் நின்றாலும் கேட்கலாம்.

பதில் ஈரலில் இருக்கிறது. உடம்புக்கு உடனே தேவைப்படாத சீனியையும் மாப்பொருளையும் ஈரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. மதுவும் அதே வேலையைச் செய்ய வைக்கும். சாப்பிடும் எண்ணெயிலிருந்தும் வரும்தான். ஆனால் 150க்கும் 500க்கும் இடையில் நிற்கும் பெரும்பாலானோருக்குப் பிரதான காரணம் சோறு, சீனி, மது, வயிற்றைச் சுற்றிய எடை, இந்த நான்கும்தான். முட்டையை நிறுத்திச் சோற்றைக் கூட்டினால் நிலைமை மோசமாகத்தான் போகும். நம் தெற்காசிய உடம்புகளுக்கு ட்ரைகிளிசரைட் கூடவும் நல்ல கொலஸ்ட்ரோலான எச்டிஎல் குறையவும் இயல்பிலேயே ஒரு சாய்வு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, புதிதாக இந்த எண்ணோடு மல்லுக்கட்டத் தொடங்குபவர்கள் எந்த ஒழுங்கில் போகவேண்டும் என்று பார்க்கலாம்.

ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படிப்பது

150 மி.கி./டெ.லீ.க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 150 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200 முதல் 499 வரை கூடியது. 500ஐத் தாண்டினால் மிகக் கூடியது. சில லாப்கள் மில்லிமோல் கணக்கில் தருவார்கள். அதை 88.5ஆல் பெருக்கினால் மி.கி. கணக்கு வந்துவிடும். 1.7 மில்லிமோல் என்பது இந்த 150தான், 5.6 என்பது 500.

500க்கு மேல் என்றால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு முதலில் டொக்டரிடம் போங்கள். அந்த அளவில் பயம் இதயத்தைப் பற்றி மட்டுமில்லை. சதையி, அதாவது கணையம், திடீரென்று வீங்கி அழற்சியடையலாம். 1000ஐத் தாண்டும்போது ஆபத்து இன்னும் கூடும். மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி எழுந்து முதுகுப் பக்கம் பரவி, கூடவே வாந்தியும் வந்தால் அது காஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை விழுங்கிவிட்டுப் படுக்கிற நேரமில்லை. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு மருந்து தேவைப்படலாம், எல்லா வகைக் கொழுப்பையும் கடுமையாகக் குறைக்கவேண்டியும் வரும். கீழே தேங்காய்ப்பாலைப் பற்றி நான் காட்டும் தாராளம் அவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. முதல் நாள் இரவு கலியாண வீட்டில் புரியாணியும் வட்டிலப்பமும் சாப்பிட்டுவிட்டு, காலையில் போய்க் கொடுத்த இரத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ட்ரைகிளிசரைட் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரே ஆளுக்கே இருபது, முப்பது வீதம் வித்தியாசம் வரலாம். 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல், முந்தின நாள் மதுவும் பெருஞ்சாப்பாடும் இல்லாமல் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ட்ரைகிளிசரைட் 400க்கு மேலே போனால், வழக்கமான சூத்திரத்தில் கணக்குப் போடும் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரோல், நம்பக்கூடியதாக இருக்காது. அதனால் சில ரிப்போர்ட்டுகளில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். மிகக் கூடியவர்களின் இரத்தத்தை லாபில் சுழற்றிப் பிரித்தால், மேலே தெளிவான மஞ்சள் நீராக நிற்கவேண்டிய பகுதி பால் மாதிரிக் கலங்கி நிற்கும். சிலவேளை லாப்காரர் ரிப்போர்ட்டின் அடியில் அதையும் எழுதியிருப்பார். அந்தக் குறிப்பைத் தவறவிடாதீர்கள்.

வேறு ஏதாவது தூண்டுகிறதா?

சாப்பாட்டில் கை வைக்கும் முன் டொக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, தைரொயிட் மந்தம், சிறுநீரக நோய், ஈரலில் கொழுப்புப் படிதல், இவை எல்லாமே எண்ணை ஏற்றும். எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனி), டிஎஸ்எச் (தைரொயிட்), ஈரல், சிறுநீரகச் சோதனைகள் செய்துபார்த்தால் தெரிந்துவிடும். ஸ்டீரொயிட், ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசை, சில பிரஷர் மருந்துகள், சில மனநல மருந்துகள், முகப்பருவுக்குக் கொடுக்கும் ரெட்டினொயிட் ஆகியவையும் ஏற்றக்கூடும். அதற்காக நீங்களாகவே எதையும் நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று கேளுங்கள், போதும். தைரொயிட் குறைந்திருப்பவர் சோற்றைப் பாதியாக்கி என்ன பயன்? மூலத்தைச் சரிசெய்தாலே எண்ணும் இறங்கத் தொடங்கும்.

சீனியில் தொடங்குங்கள்

இங்கேதான் ஆகக் குறைந்த கஷ்டத்தில் ஆகக் கூடிய பலன் கிடைக்கும். கணக்கைப் பாருங்கள். மட்டமாக அளந்த தேக்கரண்டியில் சீனி ஏறக்குறைய 4 கிராம். நாம் போடுவது குவித்த கரண்டி, அது 6, 7 கிராமுக்குப் போகும். ஒரு கோப்பைக்கு இரண்டு, நாளைக்கு நாலு தேத்தண்ணி என்றால் 50 கிராம் அளவுக்கு வந்தாயிற்று. ட்ரைகிளிசரைட் கூடியவர்கள் ஒரு நாளில் மொத்தமாகச் சேர்க்கும் சீனியை 25 கிராமுக்குக் கிட்ட வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் பிஸ்கட், கேக், ஜாம் எல்லாம் அடங்கவேண்டும்.

ஒரே நாளில் சீனியை வெட்டி எறிய முயன்றால் நாலாம் நாள் தலையிடியோடு பழைய கோப்பைக்கே திரும்பிவிடுவீர்கள். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். கடையில்தான் சிக்கல். பெரும்பாலான தேத்தண்ணிக் கடைகளில் சீனியைக் கலந்தே ஆற்றிக் கொடுப்பார்கள். ஓர்டர் கொடுக்கும்போதே "அண்ணா, பிளேன்டீ ஒண்டு, சீனி வேண்டாம்" என்று சொல்லிவிடவேண்டும். முதல் இரண்டு நாள் "சுகரோ?" என்று விசாரிப்பார்கள், பிறகு கேட்காமலே அப்படித் தருவார்கள்.

பனங்கட்டியும் கித்துள் பாணியும் தேனும் இயற்கைதானே என்று கேட்பவர்களுக்கு: இயற்கைதான். ஆனால் பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், கடைச்சீனியில் இருக்கும் அதே சாமான். தேனில் குளுக்கோஸும் பிரக்டோஸும். ஈரலுக்குப் பேதம் தெரியாது. பிரக்டோஸைக் கொழுப்பாக மாற்றுவதில் அது இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டும். அதனால் பழச்சாறும் சந்தேகத்துக்குரியதே. மாம்பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், நாலைந்தை அடித்து ஜூஸாக்கிக் குடிக்காதீர்கள்.

சோடா போத்தல்களில் ஒரு வசதி இருக்கிறது. 2016 முதல் இலங்கையில் குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்ட நிறப்புள்ளி போடவேண்டும். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. 400 மில்லி சிவப்புப் போத்தல் ஒன்றை முடித்தால் 44 கிராமுக்கு மேலே உள்ளே போகிறது. செம்மஞ்சளைப் பார்த்தும் ஏமாறவேண்டாம், 10 கிராம் உள்ளதும் அதற்குள்தான் வரும்.

சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள்

கொழும்பில் ஒபிஸ் வேலை செய்பவர்களின் மதியம் பெரும்பாலும் பார்சலில்தான் போகிறது. ஒரு நாள் அதை அவசரப்படாமல் பிரித்துப் பாருங்கள். லன்ச் ஷீட்டை விரித்தால் நடுவில் அமுக்கி வைத்த சோறு. ஒரு ஓரத்தில் பருப்பு, இன்னொரு ஓரத்தில் உருளைக்கிழங்கோ மரவள்ளியோ, கையளவு வறை, ஒரு துண்டு மீன், மேலே ஒரு அப்பளம். சோற்றைக் கப்பால் அளந்தால் மூன்று கப் சர்வசாதாரணமாக வரும். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாப்பொருள். கிழங்குக் கறியும் அதே கணக்கில் சேரும், அது மரக்கறி என்று நாம் ஏமாறுகிறோம்.

செய்யவேண்டியது இது. சாப்பிடத் தொடங்கும் முன்னரே சோற்றைக் கையால் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தள்ளி வையுங்கள். பசித்த பிறகு, பாதியில் நிறுத்துவேன் என்பது நடக்காது. கடையில் சொல்லி வாங்கமுடியுமானால் "சோறு பாதி, வறையும் பருப்பும் கூட" என்று கேளுங்கள். இருபது, முப்பது ரூபா கூடக் கேட்டாலும் கொடுங்கள், பின்னால் வாங்கப்போகும் குளிசையைவிட மலிவு. வீட்டில் என்றால் கோப்பையில் போடும் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் அரைக் கோப்பைக்குக் கீரையும் மரக்கறியும்: வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, பயற்றங்காய், பாகற்காய், கத்தரிக்காய். பிறகு மீன், கோழி, முட்டை, பருப்பு, கடலை என்று கால்வாசி. சோற்றுக்கு மிச்சமிருக்கும் கால்வாசி. கடைசியாகப் போடுவதால் இடம் தானாகவே குறைந்துவிடும்.

சிவப்பரிசி நல்லதுதான், நார்ச்சத்து கூட. குரக்கனும் நல்லது. ஆனால் சிவப்பரிசி என்ற துணிவில் மலையாகக் குவிப்பவர்களையும், "குரக்கன் பிட்டுத்தானே" என்று மூன்றாம் குழலுக்குக் கை நீட்டுபவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே மாப்பொருள்தான், அளவுதான் முக்கியம். இரவில் இடியப்பம், பிட்டு, பாண், ரொட்டி எதுவானாலும் மதியம் சொன்ன கால்வாசிக் கணக்கு அப்படியே பொருந்தும். ஒன்பது மணிக்குமேல் கொத்து ரொட்டி என்பது வெள்ளை மாவும் எண்ணெயும் சேர்ந்து படுக்கைக்குப் போகும் நேரத்தில் வந்து சேரும் விருந்து. மாதத்தில் ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடுங்கள், இராச்சாப்பாடு ஆக்கிவிடாதீர்கள்.

கிரீம் கிராக்கரைப் பற்றியும் சொல்லவேண்டும். நோய் என்றால் கிரீம் கிராக்கர் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு எட்டுக் கிராக்கரைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, தான் பத்தியம் காப்பதாக நினைப்பவர்கள் உண்டு. அது சுத்திகரித்த கோதுமை மா. அதற்குப் பதில் ஒரு அவித்த முட்டையும் ஒரு கோப்பை கடலைச் சுண்டலும் எவ்வளவோ மேல்.

விரத நாளும் நோன்பு நாளும் தனிக்கதை. பகல் முழுக்கப் பட்டினி இருந்துவிட்டு, பின்னேரம் பாயசத்தோடு ஒரே இருப்பில் இரண்டு நேரச் சோற்றையும் தீர்ப்பதோ, நோன்பு திறந்ததும் பலூடா, சமூசா, ரோல்ஸ் என்று அடுக்குவதோ எண்ணுக்கு நல்லதல்ல. பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு, தண்ணீர், நோன்புக் கஞ்சி என்று தொடங்கிக் கொஞ்சம் இடைவெளி விட்டால் பலூடாவின் மேல் இருந்த வெறி பாதி அடங்கிவிடும். நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்புக்கும் விரதத்துக்கும் முன் டொக்டரிடம் கட்டாயம் பேசவேண்டும்.

மது

சுருக்கமாகச் சொல்கிறேன். சாராயம், பியர், கள்ளு, வைன், எதற்கும் விலக்கில்லை. 500க்கு மேல் உள்ளவர்கள் முழுமையாக நிறுத்தவேண்டும். 200, 300இல் நிற்பவர்கள் அடுத்த சோதனை வரைக்குமாவது நிறுத்திப் பாருங்கள். சிலருக்கு இது ஒன்றிலேயே எண் பெரிதாக விழும், அப்போது காரணம் எதுவென்று தெளிவாகிவிடும். சனிக்கிழமை மட்டும்தான் என்பவர்கள், கூடவே உள்ளே போகும் டெவில், பொரியல், சோடா எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்.

தேங்காய், எண்ணெய், மீன்

தேங்காய்ப்பால் சொதியையும் சம்பலையும் முழுமையாக ஒதுக்கவேண்டியதில்லை. தேங்காயின் நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்பதால் அந்த வரியையும் சேர்த்துப் பாருங்கள். எல்டிஎல்லும் கூடியிருந்தால் முதற்பாலைக் குறைத்து, தாளிப்பதற்கு வேறு எண்ணெய் எடுக்கலாம். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதை மட்டும் எல்லோருமே நிறுத்தவேண்டும்.

மீன் விஷயத்தில் கொழும்புக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ட்ரைகிளிசரைட்டைக் குறைக்க உதவும் ஒமேகா 3 என்ற கொழுப்பு அதிகம் உள்ளவை விலை கூடிய மீன்கள் என்று ஒரு எண்ணம். உண்மையில் சூடை, சாளை, கும்பளா போன்ற சிறிய கொழுப்பு மீன்களில்தான் அது தாராளம். சந்தையில் எல்லோரும் அறக்குளாத் துண்டுக்கு முண்டியடிக்கும்போது நீங்கள் அடுத்த தட்டிலுள்ள சூடைக்குப் போங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, கொறுக்காய் போட்டுத் தீயலாகவோ குழம்பாகவோ வையுங்கள். ஆழ எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் பயன் குறைந்துவிடும். கிழமைக்கு இரண்டு, மூன்று தரம் போதும். நேரமில்லாதவர்களுக்கு டின்மீனும் பரவாயில்லை. உப்புத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமையுங்கள், பிரஷர் இருந்தால் அது முக்கியம். கருவாடும் நெத்தலிக் கருவாடும் உப்பால் அடிபட்டுப் போகின்றன.

குளிசைகளும் பொடிகளும்

எல்லோரும் முதலில் வாசிக்க வரும் பகுதி இதுதான் என்று தெரியும், வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். சோறும் சீனியும் மாறாமல் எந்தக் குளிசையும் பெரிதாக உதவாது.

மீனெண்ணெயில் உண்மை இருக்கிறது. ஈபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா 3 கொழுப்பமிலங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் போனால் ட்ரைகிளிசரைட் இருபது, முப்பது வீதம் குறையும். பிரச்சினை போத்தலின் முகப்பில் இருக்கிறது. அங்கே 1000 மி.கி. என்று பெரிதாக எழுதியிருக்கும். அது எண்ணெயின் நிறை. போத்தலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் பாருங்கள்: சாதாரண வகையில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120, மொத்தம் 300 மி.கி.தான். 4 கிராம் சேரவேண்டுமென்றால் நாளுக்கு ஏறக்குறைய 13 குளிசை விழுங்கவேண்டும். பாமசியில் ஒன்று வாங்கிக் காலையில் ஒன்று போட்டுக்கொள்பவருக்குப் பெரிய மாற்றம் தெரியாததற்குக் காரணம் இதுதான். அதற்காகப் பதின்மூன்றையும் நீங்களாக விழுங்கத் தொடங்காதீர்கள். கூடிய அளவில் எடுப்பவர்கள் சிலருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கீனம் வரும் ஆபத்து கூடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் டொக்டரைக் கேட்கவேண்டும். மாரடைப்பைத் தடுக்குமா என்ற கேள்விக்கும் ஒரே பதில் இல்லை. 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் தூய்மையாக்கிய ஈபிஏ பலன் காட்டியது, 2020இல் ஈபிஏ, டிஎச்ஏ கலவையை வைத்துச் செய்த இன்னொன்று காட்டவில்லை. 200, 250இல் நிற்பவர் அந்தக் காசுக்குச் சூடை வாங்கலாம் என்பது என் கட்சி.

காட் லிவர் ஒயில் வேறு, மீனெண்ணெய் வேறு. முன்னையது காட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது, அதில் விற்றமின் ஏயும் டியும் உண்டு. ஒமேகா 3 வேண்டுமென்று அதை ஆறு, ஏழாகக் கூட்டினால் விற்றமின் ஏ அளவுமீறும். கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஆளி விதையும் வால்நட்டும் நல்ல உணவு. ஆனால் அவற்றிலுள்ள ஒமேகா 3 வேறு வகை, உடம்பு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் ஈபிஏ, டிஎச்ஏ ஆக மாற்றும். பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க் குளிசை கிடைத்தால் அது நேரடி வழி.

இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி முக்கியமாக எல்டிஎல்லைக் குறைக்கும், வயிறும் நிறையும். முழு கிளாஸ் தண்ணீரோடு எடுங்கள், மற்ற மருந்துகளிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. ஊறவைத்த வெந்தயம் இரத்தச் சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடியது. நீரிழிவுக் குளிசையோடு சேர்ந்து அளவுக்கு மீறி இறங்காமல் கவனிக்கவேண்டும். பூண்டும் கறுவாவும் கறிக்குப் போடுங்கள். நம் நாட்டுக் கறுவா உலகத்திலேயே சிறந்ததுதான், ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரினும் அதில் மிகக் குறைவு. ஆனால் அதை வெந்நீரில் கலந்து குடித்து ட்ரைகிளிசரைட்டை அடக்கலாம் என்று நம்புவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தொடவேண்டாதவை இரண்டு. ஒன்று, கூடிய அளவு நியாசின், அதாவது விற்றமின் பி3. ஒரு காலத்தில் டொக்டர்மாரே கொடுத்தார்கள். 2011இலும் 2014இலும் வெளியான பெரிய ஆய்வுகளில், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தோடு அதைச் சேர்த்ததால் இதயத்துக்கு மேலதிக நன்மை எதுவும் தெரியவில்லை. முகச்சிவப்பும் சீனி ஏற்றமும்தான் மிச்சம். இரண்டாவது, 'இயற்கை' என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி. அதிலுள்ள மொனகொலின் கே என்பது லோவஸ்டாட்டின் மருந்தேதான். அளவு தெரியாத மருந்தை, அதுவும் ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் சேர்த்து விழுங்குவது தசையையும் ஈரலையும் பணயம் வைக்கும் வேலை. லேபலே இல்லாத பொடிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டுமா?

நடை

உடற்பயிற்சி ட்ரைகிளிசரைட்டை நேரடியாக எரிக்கிறது, அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பின்னான ஏற்றத்தையும் மட்டுப்படுத்துகிறது. கிழமைக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மரைன் டிரைவ் இருக்கிறது, கடற்காற்றோடு பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்பலாம். மற்றவர்களுக்குச் சுதந்திரச் சதுக்கம், விகாரமகாதேவிப் பூங்கா, காலிமுகத்திடல். நேரமே இல்லையென்றால் பஸ்ஸில் ஒரு ஹோல்ட் முன்னதாக இறங்குங்கள். நடந்து முடித்ததும் கூட்டமாகக் காலி வீதிச் சைவக்கடைக்குள் நுழைந்து உளுந்து வடையும் சீனித் தேத்தண்ணியும் எடுக்கும் சங்கத்தில் மட்டும் அங்கத்தவராகாதீர்கள். இலைக்கஞ்சி குடிக்கலாம், கூடத் தரும் கருப்பட்டித் துண்டை மறுத்துவிட்டு.

எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைட் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். 80 கிலோ ஆளுக்கு அது 4 முதல் 8 கிலோ. தராசைவிட இடுப்பு நாடா நம்பகமானது: நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

திரும்பச் சோதிப்பது

இரண்டு, மூன்று மாதம் கழித்து அதே லாபில், அதே மாதிரிப் பட்டினியோடு கொடுங்கள். ட்ரைகிளிசரைட் மாற்றங்களுக்குச் சீக்கிரம் இணங்கும் ரகம், சீனியையும் மதுவையும் நிறுத்தியவர்களுக்குச் சில கிழமைகளிலேயே தெரியும். சோதனைக்கு முந்தின கிழமை மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண் வாங்குவது உங்களை நீங்களே ஏமாற்றுவது. அந்தத் தந்திரத்தை டொக்டர் எச்பிஏ1சியில் கண்டுபிடித்துவிடவும் கூடும்.

எண் இறங்கியிருந்தால் அதே வழியில் போங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லையென்றால் பரம்பரைக் காரணம் இருக்கலாம், மருந்து தேவைப்படலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஸ்டாட்டினோ, ட்ரைகிளிசரைட்டைக் குறைக்கும் பெனோபைப்ரேட்டோ எடுப்பவர்கள், எண் நன்றாக வந்துவிட்டது என்று தாங்களாக நிறுத்தக்கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும், நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசைப் போத்தல்களையும், அந்த மீனெண்ணெய் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் ஞாபகம் வராவிட்டாலும் லேபலைக் காட்டிவிடலாம்.